ரூட் கெனால் மறுசிகிச்சையில் கரைப்பான்: எப்போது, எவ்வளவு, எப்படி

ஏற்கெனவே அடைத்த ரூட் கெனாலைத் திறந்து பழைய குட்டா பெர்ச்சாவை (கெனாலை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள்) எடுக்கப் போகும்போது, பலருடைய கை முதலில் குளோரோஃபார்ம் பாட்டிலைத்தான் தேடுகிறது. அங்கேயே வேலை பிசகத் தொடங்குகிறது. கரைப்பான் குட்டா பெர்ச்சாவை வேரை விட்டு வெளியேற்றுவதில்லை. கெட்டியாக இருந்ததைக் கூழாக்கி இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். அந்தக் கூழை ஃபைலோ (கெனாலுக்குள் இறக்கும் மெல்லிய அரம்) பேப்பர் பாயிண்டோ (ஈரத்தை உறிஞ்சும் காகிதக் குச்சி) வெளியே கொண்டுவராவிட்டால், சுவரில் மெல்லிய படலமாகப் படிந்து, பல்லின் உட்பகுதியான டென்டினின் நுண்குழாய்களுக்குள்ளும், கெனால்களை இணைக்கும் இஸ்த்மஸ் இடுக்குகளுக்குள்ளும் புகுந்துகொள்ளும். அதற்குப் பிறகு ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியை எத்தனை மி.லி. விட்டாலும், படலத்துக்குப் பின்னால் இருக்கும் பாக்டீரியாவை அது எட்டாது. மறுசிகிச்சை செய்வதே அந்தப் பாக்டீரியாவை எட்டத்தான்.

எனவே கரைப்பான் குறைவாக வேண்டும், தாமதமாக வேண்டும், உள்ளே விட்டது வெளியே வந்தாக வேண்டும். கீழே வருவது பல் மருத்துவர்களுக்கும் எண்டோடான்டிக்ஸ் பயில்பவர்களுக்கும் உரிய குறிப்பு.

எது கரையும், எது கரையாது

கெனாலில் வைக்கும் கூர்முனைக் குச்சியைக் குட்டா பெர்ச்சா கோன் என்று சொன்னாலும், அதில் குட்டா பெர்ச்சா பாலிமர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பேரியம் சல்ஃபேட் போன்ற உப்பு, அத்துடன் கொஞ்சம் மெழுகும் ரெசினும் இருக்கும். கரைப்பான் கரைப்பது பாலிமரையும் மெழுகையும் மட்டும்தான். துத்தநாக ஆக்சைடு தூள் கரையாது. பாலிமரின் பிடி விட்டதும் மண்டியாக மிதக்கும். ஆரஞ்சு நிறம் போய்விட்டது, இனி சுத்தம் என்று நினைக்கும் நேரத்தில் பேப்பர் பாயிண்ட் வெள்ளை மாவு அப்பிக்கொண்டு வெளியே வருவது இதனால்தான்.

கோனைச் சுவரோடு ஒட்டும் சிமென்டான சீலர்களில் துத்தநாக ஆக்சைடு யூஜெனால் வகை நன்றாக இளகும். ஏஎச் பிளஸ் போன்ற எபாக்ஸி ரெசின் சீலர்கள் குளோரோஃபார்மில் ஓரளவு இளகும். சைலீனும் யூகலிப்டாலும் அவற்றிடம் அதிகம் எடுபடாது. பயோசெராமிக் எனப்படும் கால்சியம் சிலிக்கேட் சீலர் எந்த ஆர்கானிக் கரைப்பானுக்கும் அசையாது. ஆனால் அதிலும் ஒரு வழி இருக்கிறது. சீலரின் நடுவே கோன் இருக்கிறதே, அது கரையும். கோன் வேர் நுனி வரை போயிருந்தால் அதன் தடத்திலேயே நுனியை அடையலாம். கோன் 3 மி.மீ. குறைவாக நின்று, மீதியை வெறும் பயோசெராமிக் நிரப்பியிருந்தால் கரைப்பானை நம்பிப் பயனில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்தே இதைக் கணிக்க முயலுங்கள். கோனும் சீலரும் அடர்த்தியில் சில சமயம் வேறுபட்டுத் தெரியும்.

கேரியர் (குட்டா பெர்ச்சா பூசிய நடுத்தண்டு) வைத்து அடைத்த கேஸ்கள் தனி ரகம். தெர்மாஃபிலின் பழைய பிளாஸ்டிக் கேரியர்களில், 40 எண் வரையிலான சிறிய அளவுகள் கரையாத வகை; அதற்கு மேல் உள்ள பெரிய அளவுகள் பாலிசல்ஃபோன், குளோரோஃபார்மில் கரையும். பின்னால் வந்த குட்டாகோரின் நடுத்தண்டு குறுக்கிணைப்பு செய்த குட்டா பெர்ச்சா, அதனால் கரையாது. இந்தக் கேஸ்களில் கரைப்பானின் வேலை கேரியரைச் சுற்றியுள்ள குட்டா பெர்ச்சாவை இளக்கி, ஃபைல் நுழைய இடம் தருவது மட்டுமே. வெள்ளிக் கோனும் அப்படித்தான்: சுற்றியுள்ள சிமென்டை இளக்கலாம், வெள்ளியை எதுவும் செய்ய முடியாது. ரெசார்சினால் ஃபார்மலின் ரெசினால் அடைத்த செங்கல் நிறக் கெனாலுக்குக் கரைப்பானே கிடையாது. அங்கே மைக்ரோஸ்கோப்பும் அல்ட்ராசோனிக் முனையும்தான்.

எந்தக் கரைப்பான்

வேகத்தில் குளோரோஃபார்முக்கு இணையாக எதுவும் இல்லை. தொட்ட சில நொடிகளிலேயே குட்டா பெர்ச்சாவின் மேற்பரப்பு இளகத் தொடங்கும். கொதிநிலை 61 டிகிரி செல்சியஸ் என்பதால் விரைவில் ஆவியாகியும் விடும். இது நன்மையும் தொல்லையும். நன்மை, உள்ளே நீண்ட நேரம் தங்காது. தொல்லை, வேலையின் நடுவே ஆவியாகிவிட்டால் கூழ் சுவரிலேயே மறுபடி இறுகிவிடும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் இதை 2பி பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் வைத்திருக்கிறது. 1976ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருந்துகளிலும் அழகுப் பொருள்களிலும் குளோரோஃபார்மைச் சேர்க்கத் தடை விதித்தது. பல் மருத்துவர் கெனாலுக்குள் சில சொட்டு பயன்படுத்துவதை அந்தத் தடை தொடவில்லை. ஆனாலும் தினமும் இதன் ஆவியில் உட்காருபவர்கள் மருத்துவரும் உதவியாளரும்தான் என்பதை மறக்கக் கூடாது.

சைலீன் மெதுவாகக் கரைக்கும், மெதுவாக ஆவியாகும். ஒரு சுற்றுக்கு 2 முதல் 5 நிமிடம் பொறுக்க முடிந்தால் போதுமான அளவு இளக்கிவிடும். நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் ஆவி. தலைவலி, கிறுகிறுப்பு தந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். யூகலிப்டாலும் ஆரஞ்சு எண்ணெயும் மணத்தில் இதமானவை, வேகத்தில் பின்தங்கியவை. அவசரமில்லாத, தளர்வாக அடைத்த கெனாலுக்கு ஆரஞ்சு எண்ணெய் நல்ல தேர்வு. யூஜெனால் சீலரையும் இளக்கும். இறுக்கமாகக் கண்டென்ஸ் செய்த, நீண்ட, வளைந்த கெனாலில் அதைக் கொண்டு முயன்றால் பொறுமைதான் சோதிக்கப்படும். இயற்கை எண்ணெய் என்பதால் திசுவுக்குப் பாதகமில்லை என்று எண்ண வேண்டாம். வேர் நுனியைத் தாண்டினால் இவையும் செல்களைக் கொல்லும்.

யூஜெனால் சீலருக்கு ஒன்று, ரெசின் சீலருக்கு ஒன்று என்று பிரித்து வந்த வணிகக் கரைப்பான்களை வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். முதல் வகையில் டெட்ராகுளோரோஎத்திலீனும் இரண்டாவது வகையில் ஃபார்மமைடும் இருப்பது உண்டு. டெட்ராகுளோரோஎத்திலீன் புற்றுநோய் வரிசையில் குளோரோஃபார்மைவிட ஒரு படி மேலே, 2ஏ பிரிவில் இருக்கிறது. ஃபார்மமைடு கருவைப் பாதிக்கக்கூடியது. நோயாளியோ உதவியாளரோ கர்ப்பிணியாக இருந்தால் இவை இரண்டையும், குளோரோஃபார்மையும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். வெப்பமும் இயந்திர ஃபைலும் வைத்தே முடிக்கப் பாருங்கள்.

தொடங்கும் முன்

இரண்டு கோணங்களில் எக்ஸ்ரே எடுங்கள். நேர்க்கோணத்தில் ஒரே கெனாலாகத் தெரிவது 20 டிகிரி சாய்த்தால் இரண்டாகப் பிரியும். எந்தக் கெனால் அடைபட்டிருக்கிறது, எது தவறிப் போயிருக்கிறது, அடைப்பு எங்கே நிற்கிறது, நுனியைத் தாண்டியிருக்கிறதா, வளைவு எந்த மட்டத்தில் தொடங்குகிறது என்பதெல்லாம் எழுதி வைக்க வேண்டிய விவரம். சந்தேகம் இருந்தால் சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே). மேல் முதல் கடைவாய்ப் பல்லில் இரண்டாவது மீசியோபக்கல் (முன்-கன்னப் பக்க) கெனாலைத் தேடுவதைக் கரைப்பான் எடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சேம்பர் (பல்லின் உள்ளறை) தரை ஒருமுறை குட்டா பெர்ச்சாக் கூழால் பூசப்பட்டுவிட்டால், அந்தச் சிறிய வாயைக் கண்டுபிடிப்பது இரட்டிப்புச் சிரமம்.

வேரில் ஓட்டை விழுந்திருக்கும் சந்தேகம், நுனி மூடாத பல், நுனி அரித்துப் போன வேர் ஆகிய இடங்களில் கரைப்பான் வேண்டாம். திரவம் எங்கே நிற்கும் என்று உங்களால் கட்டுப்படுத்த முடியாது.

உயிரற்ற பல்தானே என்று மரத்துப்போகும் ஊசியைத் தவிர்க்காதீர்கள் என்று சொல்வதற்கும் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்: மரத்த பிறகு எரிச்சல் என்ற எச்சரிக்கை உங்களுக்குக் கிடைக்காது. அதனால் அளவைக் கண்ணால் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். மரத்திருந்தும் நோயாளி எரிகிறது என்றால், ரப்பர் டேமுக்கு (பல்லைச் சுற்றி விரிக்கும் ரப்பர் தாள்) அடியில் கசிகிறது அல்லது நுனியைத் தாண்டிப் போகிறது. உடனே நிறுத்துங்கள்.

ரப்பர் டேம் இல்லாமல் கரைப்பான் இல்லை. லேடெக்ஸ் ஷீட்டில் குளோரோஃபார்ம் விழுந்தால் அந்த இடம் உப்பிச் சுருங்கும், கொஞ்ச நேரத்தில் பல்லின் கழுத்தில் இடைவெளி விழும். விளிம்பை லிக்விட் டேம் வைத்து அடைத்து, சொட்டு விழாதபடி வேலை செய்யுங்கள். நைட்ரைல் கையுறை குளோரோஃபார்மைத் தடுக்கும் என்பதும் தவறான நம்பிக்கை. சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். கையுறையில் பட்டால் துடைத்துக்கொண்டு தொடராமல் மாற்றிவிடுங்கள். பக்கத்துப் பல்லில் அக்ரிலிக் தற்காலிகக் கிரவுன் இருந்தால் அதை டேமுக்கு அடியில் மறைத்து வையுங்கள்; குளோரோஃபார்ம் அதையும் கரைக்கும். பாலிகார்பனேட் கண்ணாடியில் தெறித்தால் கண்ணாடி நிரந்தரமாக மங்கிப்போகும்.

கரைப்பானைக் கண்ணாடி டேப்பன் கிண்ணத்தில் அரை மி.லி. மட்டும் எடுங்கள். பாலிஸ்டைரீன் கிண்ணம் கண்முன்னே உருகும். பிளாஸ்டிக் சிரிஞ்சில் ஏற்றி வைத்தால், குழாய் பாலிப்ரொப்பிலீனாக இருந்தாலும், உள்ளிருக்கும் ரப்பர் உப்பிச் சிக்கிக்கொள்ளும். பிறகு அழுத்தினால் நகராது, வேகமாக அழுத்தினால் ஒரேயடியாகப் பீச்சும். கண்ணாடி சிரிஞ்ச் நல்லது. இல்லையென்றால் பின்செட் இடுக்கியின் இரு முனைகளுக்கு நடுவே ஒட்டி நிற்கும் சொட்டைக் கெனால் வாயில் விடலாம். அளவைக் கட்டுப்படுத்த இது சிரிஞ்சைவிட நம்பகமான வழியும்கூட. உயர் சக்தி உறிஞ்சியைப் பல்லுக்குச் சற்றுக் கீழே பிடிக்கச் சொல்லுங்கள். குளோரோஃபார்ம் ஆவி காற்றைவிட நான்கு மடங்கு கனம். அது மேலே எழாது, நோயாளியின் முகத்தின் மேல் இறங்கும்.

மேல் மூன்றில் ஒரு பங்கு: கரைப்பான் தொடாமல்

பழைய கிரவுன், சொத்தை, கசிந்த ஃபில்லிங் எல்லாவற்றையும் முதலில் நீக்குங்கள். கெனால் வாய் பளிச்சென்று தெரிந்த பிறகு, வாயிலிருந்து 4 முதல் 6 மி.மீ. வரை குட்டா பெர்ச்சாவை உலர்ந்த நிலையிலேயே எடுங்கள். சூடான பிளக்கரை (தட்டை முனைக் கருவி) 200 டிகிரி செல்சியஸில் வைத்து, இரண்டு நொடி அழுத்தி, ஆறவிட்டு இழுத்தால் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு வரும். கேட்ஸ் கிளிடன் துரப்பணம் 2 அல்லது 3ஐயும் பயன்படுத்தலாம். மறுசிகிச்சைக்கென்றே உள்ள ரோட்டரி ஃபைல் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். புரோடேப்பர் ரீட்ரீட்மென்ட் வரிசையில் டி1 நுனியில் வெட்டும் தன்மை கொண்டது, 16 மி.மீ. நீளம், முதல் சில மி.மீ.க்கு மட்டும் அதைப் பயன்படுத்தி, பிறகு டி2, டி3க்கு மாறுங்கள். வேகம் நிமிடத்துக்கு 500 முதல் 700 சுற்று. இந்த வேகத்தில் உராய்வுச் சூடே குட்டா பெர்ச்சாவை இளக்கிவிடும், ஃபைலின் பள்ளங்களில் சுருள் சுருளாக மேலே ஏறி வரும். அப்படி வரும்போது கரைப்பான் எதற்கு? அந்த நேரத்தில் ஒரு சொட்டு விட்டால், சுருளாக வெளியேற வேண்டியது கூழாகிச் சுவரில் அப்பும்.

நேரான கெனாலில் இயந்திர ஃபைலை நடுப்பகுதி வரையும் கொண்டு போகலாம். வளைவு தொடங்கும் இடத்துக்கு 1 மி.மீ. முன்னே நிறுத்துங்கள். கெட்டியான குட்டா பெர்ச்சாவைவிடச் சுற்றியுள்ள டென்டினில் வழி கண்டுகொள்வது ஃபைலுக்குச் சுலபமாகப்படும் இடம் அதுதான். புதுத் தடம் வெட்டி லெட்ஜ் (சுவரில் படி) விழும், அல்லது வேரையே துளைக்கும். கரைப்பானுக்கு உரிய இடமும் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கண்டிப்பான விதி: சொட்டு விட்ட பிறகு சூடான பிளக்கரை உள்ளே கொண்டுபோகக் கூடாது. சைலீன், யூகலிப்டால், ஆரஞ்சு எண்ணெய் மூன்றும் தீப்பற்றக்கூடியவை. குளோரோஃபார்ம் எரியாது, ஆனால் கடும் சூட்டில் சிதைந்து ஃபாஸ்ஜீன் தரும். வெப்பம் முதலில், கரைப்பான் பிறகு. திரும்பி வருவது கிடையாது.

நடுப்பகுதி: சொட்டு, ஃபைல், துடைப்பு

மேலே எடுத்ததால் உண்டான குழிதான் கரைப்பானின் தொட்டி. அதில் 2 அல்லது 3 சொட்டு போதும். சேம்பரை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். கெனால் வாய் நனைந்து, குழி நிரம்பினால் சரி. மற்ற கெனால்களின் வாயைச் சிறு டெஃப்ளான் நாடாத் துண்டால் அடைத்துக்கொண்டால், ஒன்றின் கூழ் இன்னொன்றுக்குள் போகாது.

குளோரோஃபார்ம் என்றால் 30 நொடி, சைலீன் என்றால் 2 நிமிடத்துக்குக் குறையாமல் பொறுங்கள். பிறகு 15 எண் கே ஃபைலையோ 10 எண் சி பிளஸ் ஃபைலையோ நுனியில் 2 மி.மீ. அளவு முன்கூட்டியே வளைத்து, எக்ஸ்ரேயில் கண்ட வளைவின் திசையில் உள்ளே விடுங்கள். வலதுபுறம் கால் சுற்று, இடதுபுறம் கால் சுற்று, லேசான கீழ் அழுத்தம். இளகிய குட்டா பெர்ச்சாவில் ஃபைல் இறங்கும்போது ஒட்டும் பிடிப்பு ஒன்று விரலில் தெரியும். இழுத்தால் தயங்கித் தயங்கி விடும். அந்தப் பிடிப்பு இருக்கும் வரை சரியான தடத்தில் இருக்கிறீர்கள். சட்டென்று கெட்டியான தட்டல் வந்தால் தள்ளாதீர்கள். ஒன்று கரைப்பான் அந்த ஆழத்துக்கு இன்னும் இறங்கவில்லை, அல்லது ஃபைல் சுவரில் முட்டுகிறது. வெளியே எடுத்து, வளைவின் திசையை மாற்றி, புதுச் சொட்டு விட்டு முயலுங்கள்.

1 முதல் 2 மி.மீ. வழி கிடைத்ததும் ஹெட்ஸ்ட்ராம் ஃபைலுக்கு மாறுங்கள். 20 அல்லது 25 எண்ணை அந்தத் தடத்தில் இறக்கி, வலதுபுறம் கால் சுற்று திருகிக் கோர்த்து, நேராக இழுங்கள். ஹெட்ஸ்ட்ராமை அரைச் சுற்றுக்கு மேல் திருகினால் உடையும் அபாயம் உண்டு. ஒவ்வொரு முறை வெளியே வந்ததும் ஆல்கஹாலில் நனைத்த துணியில் பள்ளங்களைத் துடைத்த பிறகே மறுபடி உள்ளே. இந்தத் துடைப்பை விட்டுவிட்டு மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தால், தூரிகையை வைத்துச் சுவருக்கு வண்ணம் பூசுவதைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள்.

நான்கைந்து இழுப்புக்குள் கூழ் கெட்டியாகத் தொடங்கும். குளோரோஃபார்ம் ஆவியாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது புதுச் சொட்டு விடுவதற்கு முன், உள்ளே இருக்கும் கூழை ஒரு பேப்பர் பாயிண்டால் எடுத்துவிடுங்கள். பழைய கூழின் மேல் புதுக் கரைப்பானை ஊற்றிக்கொண்டே போனால் கெனாலில் இருப்பது நீர்த்துப் போய்க் கீழே இறங்கும். இறங்குவது நுனியை நோக்கித்தான்.

கடைசி 3 மி.மீ.

கவனம் முழுவதும் தேவைப்படும் இடம் இது. பழைய அடைப்பு நிற்கும் மட்டத்துக்கு 2 முதல் 3 மி.மீ. மேலே வந்ததும் புதுச் சொட்டு விடுவதை நிறுத்துங்கள். ஏற்கெனவே இறங்கிய ஈரமே மீதித் துண்டின் மேல்பகுதியை இளக்கப் போதும். அந்தத் துண்டின் பக்கத்தில் 15 எண் ஹெட்ஸ்ட்ராமை 1 மி.மீ. அளவுக்கு மெதுவாகக் கோர்த்து, திருகாமல் இழுத்தால், பெரும்பாலும் முழுத் துண்டாக வந்துவிடும். வெளியே வந்த துண்டின் கூர் முனையைப் பாருங்கள். முனை கூராகவே இருந்தால் நுனிக்கு வெளியே எதுவும் தள்ளப்படவில்லை. முனை பிய்ந்தோ வழிந்தோ இருந்தால் இன்னும் உள்ளே மீதி இருக்கிறது.

குட்டா பெர்ச்சா வேர் நுனியைத் தாண்டி வெளியே நிற்கும் கேஸில், நுனிப் பகுதியில் கரைப்பானே கூடாது. உள்ளே இருக்கும் பகுதி இளகினால், வெளியே நிற்கும் துண்டு நுனித் துளையில் அறுந்து திசுவில் தங்கிவிடும். அதை மேலிருந்து இனி எடுக்க முடியாது. இங்கே வேண்டியது கோன் கெட்டியாக இருப்பதுதான். இரண்டு மூன்று மெல்லிய ஹெட்ஸ்ட்ராம்களைக் கோனின் வெவ்வேறு பக்கங்களில் இறக்கி, ஒன்றோடொன்று பின்னி, ஒரே பிடியாக மெதுவாக இழுங்கள். ஒரே கோனில் தளர்வாக அடைத்த கெனால் என்றால் இது அழகாக வேலை செய்யும்.

மாறாக, அடைப்பு நுனிக்கு வெகு முன்னே நின்று அதற்குக் கீழே வெற்றுக் கெனால் இருந்தால், குட்டா பெர்ச்சாவைக் கடந்த கணத்தில் ஃபைல் திடீரென விடுபடும். அங்கே கூழைக் கீழே தள்ளாமல், முதலில் மேலே உள்ளதை முழுக்கக் காலி செய்து கரைப்பானையும் வெளியேற்றிய பிறகே 8, 10 எண் ஃபைல்களால் கீழ்ப்பகுதியைத் தேடுங்கள். முந்தைய சிகிச்சை அங்கே நின்றதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். பெரும்பாலும் லெட்ஜ் அல்லது டென்டின் தூள் அடைப்பு.

ஏபெக்ஸ் லொக்கேட்டரை (கெனாலின் நீளத்தை மின்சாரத்தால் அளக்கும் கருவி) இந்த நிலையில் அவசரப்பட்டு நம்ப வேண்டாம். குட்டா பெர்ச்சாவும் ஆர்கானிக் கரைப்பானும் மின்சாரம் கடத்தாதவை. அளவு தாவும் அல்லது வராமலே போகும். கரைப்பானை வெளியேற்றி, ஹைப்போகுளோரைட் விட்டு, 10 எண் ஃபைல் நுனியைத் தொட்ட பிறகு கிடைக்கும் அளவை எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பேப்பர் பாயிண்டால் உறிஞ்சுதல்

முழு வழியும் திறந்த பிறகு சுவரில் எஞ்சியிருப்பது படலம். இதற்கு ஃபைல் உதவாது. கரைப்பான் தன் முழுப் பயனைத் தருவது இங்கேதான். வழி நுனி வரை திறந்துவிட்டதால் நுனியைத் தாண்டும் அபாயமும் இங்கே அதிகம். ஆகவே 1 அல்லது 2 சொட்டு மட்டும், கெனால் வாயில். நுனியைவிட 2 மி.மீ. குறைவாக நிற்கும் பேப்பர் பாயிண்டை உடனே உள்ளே விட்டு, சில நொடி சுவரோடு அழுத்திச் சுற்றி எடுங்கள். காகிதத்தின் நுண்துளைகள் திரவத்தை உறிஞ்சும்போது, அதில் கரைந்த குட்டா பெர்ச்சாவும் இடுக்கிலிருந்து சேர்ந்து வரும். ஊசியால் அடித்துக் கழுவினால் கூழ் இடுக்குக்குள் தள்ளப்படும். காகிதம் அதை வெளியே இழுக்கிறது.

முதல் பாயிண்ட் ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பாக வரும், அடுத்தடுத்தவை வெளிறும், பிறகு வெள்ளை மாவு, கடைசியில் சுத்தமான ஈரம். ஒரு சுத்தமான பாயிண்டைப் பார்த்து நிறுத்தாதீர்கள், அடுத்தடுத்து இரண்டு சுத்தமாக வரட்டும். நீள்வட்டக் கெனால்களில், கீழ்க் கடைவாய்ப் பல்லின் டிஸ்டல் வேரிலும் முன்கடைவாய்ப் பற்களிலும், பக்கல், லிங்குவல் ஓரங்களில் பாயிண்டைத் தனித்தனியே சாய்த்து எடுங்கள். சாதாரண எக்ஸ்ரே இந்த இரண்டு ஓரங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் காட்டும் என்பதால், அங்கே எஞ்சியதை அது காட்டிக்கொடுக்காது. மைக்ரோஸ்கோப்பில் உலர்ந்த டென்டின் பளபளப்பில்லாமல் தெரியும். பளபளக்கும் திட்டு எதுவாக இருந்தாலும் அது குட்டா பெர்ச்சா அல்லது சீலர்தான்.

இருந்தும், எந்த முறையாலும் கெனால் முழுக்கக் காலியாவதில்லை. பிரித்தெடுத்த பற்களில் செய்த ஆய்வுகள் பலவும், எந்த ஃபைல், எந்தக் கரைப்பான் என்றாலும் ஏதாவது எஞ்சுவதையே காட்டுகின்றன. ஆகவே எஞ்சியது நுனிப் பகுதியிலோ இஸ்த்மஸிலோ இல்லாமல் இருப்பதுதான் யதார்த்தமான இலக்கு. பழைய அளவைவிட இரண்டு எண் கூட்டிப் பெரிதாக்குவதும், அல்ட்ராசோனிக்கும், எக்ஸ்பி எண்டோ ஃபினிஷர் ஆர் போன்ற சுவரைத் தடவும் ஃபைல்களும் அதற்கு உதவும்.

கரைப்பானை வெளியேற்றுதல்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். குளோரோஃபார்மும் சைலீனும் எண்ணெயும் தண்ணீரோடு கலக்காதவை. அவற்றின் ஈரம் சுவரில் இருக்கும் வரை ஹைப்போகுளோரைட் சுவரை நனைக்காது. இரண்டோடும் கலக்கும் ஒன்று இடையே வேண்டும், அது ஆல்கஹால். பேப்பர் பாயிண்டால் உலர்த்தி, எத்தில் அல்லது ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 2 மி.லி. விட்டு, மறுபடி உலர்த்துங்கள். பிறகு 17 சதவீத ஈடிடிஏ (டென்டின் தூள் படலத்தைக் கரைக்கும் திரவம்) 1 நிமிடம், அதற்குப் பிறகு 2.5 முதல் 5.25 சதவீத ஹைப்போகுளோரைட் தாராளமாக, அல்ட்ராசோனிக் கிளர்ச்சி 20 நொடி வீதம் மூன்று முறை.

ஹைப்போகுளோரைட்டுக்குப் பிறகு குளோர்ஹெக்சிடின் பயன்படுத்துபவர்கள் இடையில் சலைன் விட்டுக் கழுவ வேண்டும். இரண்டும் சந்தித்தால் ஆரஞ்சுப் பழுப்பு வீழ்படிவு உண்டாகும். மறுசிகிச்சைக் கெனாலில் அதைக் குட்டா பெர்ச்சா என்று நினைத்து மறுபடி கரைப்பானைத் தேடும் நிலை வரும்.

கரைப்பான்கள் டென்டின் மேற்பரப்பை ஓரளவு மென்மையாக்கும், ரெசின் ஒட்டுதலையும் குறைக்கும். ஃபைபர் போஸ்ட் ஒட்டத் திட்டமிருந்தால் அன்றைக்கே ஒட்டாமல் அடுத்த வருகைக்கு வையுங்கள். நோய்த்தொற்றுள்ள கேஸில் எப்படியும் கால்சியம் ஹைட்ராக்சைடு ஒன்றிரண்டு வாரம் இருக்கப் போகிறது. சைலீனில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்து மூடி அனுப்பும் பழைய வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நாள் கணக்கில் நுனித் திசுவில் கரைப்பான் கசிவதை நியாயப்படுத்த எதுவும் இல்லை.

கசிந்துவிட்டால், நுனி கிடைக்காவிட்டால்

கரைப்பான் நுனியைத் தாண்டியது என்று தெரிந்தால், உறிஞ்சியோடு சேர்த்துச் சலைனால் மென்மையாகக் கழுவி, உலர்த்தி, கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடுங்கள். சில சொட்டு அளவில் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் வலியோடு போய்விடும். நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லி, வலி மாத்திரை எழுதிக்கொடுங்கள். உதட்டிலோ ஈறிலோ பட்டிருந்தால் உடனே ஏராளமான தண்ணீர். பயன்படுத்தி மீந்த கரைப்பானைச் சிங்க்கில் ஊற்றக் கூடாது. மூடிய கண்ணாடிப் பாட்டிலில் சேர்த்து அபாயக் கழிவாக அனுப்ப வேண்டும். நனைந்த பஞ்சும் பாயிண்டும் திறந்த குப்பைத் தொட்டியில் கிடந்தால் மாலை வரை அறையில் ஆவிதான். குளோரோஃபார்மைப் பழுப்பு நிறப் பாட்டிலில், வெளிச்சம் படாமல் வையுங்கள். வெளிச்சத்திலும் காற்றிலும் அதுவே மெல்லச் சிதையும். ரப்பர் குமிழ் வைத்த துளிக்குழாய் மூடி அதற்கு ஆகாது.

முழு முயற்சிக்குப் பிறகும் நுனி கிடைக்காத கெனால்கள் உண்டு: கால்சியம் சிலிக்கேட் மட்டும் நிரம்பிய நுனி, ரெசார்சினால் ரெசின், பழைய லெட்ஜ். 10 எண் ஃபைல் ஒரே இடத்தில் ஒட்டும் பிடிப்பில்லாமல் தட்டிக்கொண்டே இருந்தால், கரைப்பான் சேர்ப்பதையும் அழுத்தத்தைக் கூட்டுவதையும் அங்கே நிறுத்துங்கள். கிடைத்த நீளம் வரை நன்றாகக் கழுவி அடைத்து, நிலவரத்தை நோயாளியிடம் விளக்கி, 6 மாதத்திலும் 1 வருடத்திலும் எக்ஸ்ரே பாருங்கள். நுனியில் உள்ள கருமை சுருங்கினால் பல் அப்படியே இருக்கட்டும். பெரிதானால், அல்லது வலியும் சீழும் திரும்பினால், அடுத்த வழி நுனிப் பக்கத்திலிருந்து அறுவை சிகிச்சை.